நடந்து வந்தவளின் விருப்பம்

“நிலத்தைக் கொத்த ஆரம்பித்த அன்றே மனிதன் காதலைக் குழிதோண்டிப் புதைத்துவிட்டான்” என்று நண்பர் ஒருவர் சில மாதங்களுக்கு முன் ஒரு மாலைப் பேச்சில் சொன்னார். பேச்சின் சுவைக்காக அவர் அப்படிச் சொல்லவில்லை. உண்மையிலேயே நம்பிச் சொன்னார். வேட்டையாடியும் காய்கனி திரட்டியும் வாழ்ந்தவர்களிடம் சேர்த்துவைக்க ஒன்றுமில்லை, ஆகவே ஆணும் பெண்ணும் மனம்போலக் கூடினார்கள், மனம்போலப் பிரிந்தார்கள். நிலமும் தானியக் குதிரும் வந்த பிறகு அவற்றை யாருக்கு விட்டுச்செல்வது என்ற கேள்வி எழுந்தது, அந்தக் கேள்வியோடு தந்தைவழி உரிமை வந்தது, பெண் ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குக் கைமாறும் உடைமையானாள் என்பது அவருடைய வாதம். குடும்பத்தின் தோற்றம் பற்றி 1884இல் ஏங்கெல்ஸ் எழுதிய நூலைப் படித்தவர்களுக்கு இது பழகிய வாதந்தான். கூடியிருந்த எல்லோரும் தலையசைத்தார்கள். எனக்கு மறுக்கவும் வாய் வரவில்லை, ஒப்பவும் மனம் வரவில்லை.

அன்றிலிருந்து அந்த வாக்கியம் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது. பார்லியும் கோதுமையும் விதைத்து, ஆடு மாடு வளர்த்து, மரத்தாலும் மண்ணாலும் வீடு கட்டி வாழ்ந்த ஏதோ ஒரு பழைய சிற்றூரில், வயது வந்த ஒருத்திக்கோ ஒருவனுக்கோ துணை எப்படித்தான் கிடைத்தது? யார் தேடினார்கள், எங்கே போய்த் தேடினார்கள், தேடிக் கண்ட முடிவில் அந்த இருவருக்கும் ஏதேனும் சொல் இருந்ததா? நண்பரின் வாக்கியத்தில் உள்ள ‘காதல்’ என்ற சொல்லை ஒதுக்கிவைத்துவிட்டு இப்படிக் கேட்டுப் பார்த்தால், கடந்த பதினைந்து ஆண்டுகளில் தொல்லியலாளர்களும் மரபணு ஆய்வாளர்களும் தோண்டியெடுத்துத் தந்திருக்கும் பதில்கள் கொஞ்சமல்ல. அவை நண்பருக்கும் முழுமையாகச் சாதகமாக இல்லை, எனக்கும் இல்லை.

முதலில் அவருடைய வாதத்தின் முன்பாதியையே எடுத்துக்கொள்வோம். வேட்டைச் சமூகங்களில் தடையற்ற காதல் இருந்தது என்பது நாமாக விரும்பி நம்புகிற ஒன்று. உணவு சேகரித்து வாழும் ஏறத்தாழ 190 குழுக்களைப் பற்றிய பதிவுகளை 2011இல் ஆய்வாளர்கள் ஒப்பிட்டபோது, அவற்றில் பெரும்பாலானவற்றில் பெற்றோரோ நெருங்கிய உறவினரோ முடித்துவைக்கும் திருமணமே முதன்மையான வழக்கமாக இருந்தது தெரியவந்தது. மரபுவழி உறவுகளைக் கொண்டு பின்னோக்கிக் கணித்துப் பார்த்தாலும், பெரியவர்கள் பேசி முடிக்கும் மணம் உழவுக்கு மிகவும் முந்தியதாகவே தோன்றுகிறது. ஆகவே ஏதேன் தோட்டத்திலிருந்து கலப்பை நம்மைத் துரத்தியது என்ற கதை தொடக்கத்திலேயே ஆட்டங்காண்கிறது.

அன்றைய பேச்சில் ‘ஓர் ஆணுக்குப் பதினேழு பெண்கள்’ என்ற கணக்கும் வந்தது. இணையத்தில் அடிக்கடி சுற்றிவரும் கணக்கு இது. தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டும் செல்லும் ஒய் குரோமோசோமின் வகைகள், சுமார் 7000 முதல் 5000 ஆண்டுகளுக்கு முன், உலகின் பல பகுதிகளில் திடீரென்று சுருங்கிப்போயின என்று 2015இல் ஓர் ஆய்வு காட்டியது. அந்தச் சுருக்கத்தின் அளவைச் சொல்லும் விகிதந்தான் பதினேழுக்கு ஒன்று. இதைப் பதினேழு மனைவியர் கொண்ட நிலக்கிழாராகக் கற்பனை செய்துகொள்வது எளிது. 2018இல் வந்த இன்னொரு ஆய்வு வேறு விளக்கம் தந்தது: ஆண்கள் தந்தைவழிக் குலங்களாகத் திரண்டு வாழும்போது ஒரு குலத்தின் ஆண்கள் அனைவரிடமும் ஏறக்குறைய ஒரே ஒய் குரோமோசோம் இருக்கும், ஒரு குலம் சண்டையிலோ பஞ்சத்திலோ அழிந்தால் அந்த வகை வேரோடு போய்விடும். பெண்களோ பல குலங்களிலிருந்து வந்தவர்கள், அவர்களுடைய வழி அறுந்துபோவதில்லை. யாரும் பதினேழு பேரை மணக்காமலேயே அந்த எண் வந்துவிடும். ஆனால் இந்த விளக்கத்திற்குள்ளும் ஒரு செய்தி ஒளிந்திருக்கிறது: ஆண்கள் இருந்த இடத்தில் இருந்தார்கள், பெண்கள் வந்தார்கள்.

ஊருக்குள் கிடைக்காத துணை

தொடக்ககால உழவர் ஊர் என்றதும் நம் மனத்தில் எழும் சித்திரம், எல்லோரும் எல்லோரையும் அறிந்த, பக்கத்து வீட்டுப் பையனும் எதிர்வீட்டுப் பெண்ணும் வயல் வரப்பில் சந்தித்துக்கொள்ளும் ஊர். கணக்கு அதற்கு இடம் தருவதில்லை. ஏறத்தாழ கி.மு. 5500 முதல் மத்திய ஐரோப்பாவில் பரவிய முதல் உழவர்கள் நீண்ட மரவீடுகள் சிலவற்றைக் கொண்ட சிறு குடியிருப்புகளில் வாழ்ந்தார்கள். அவற்றில் பலவற்றில் ஒரே காலத்தில் நின்ற வீடுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஒரு வீட்டுக்குச் சில பேர் என்று வைத்துக்கொண்டால் நூறு பேரைத் தொடுவதே அரிது. அந்த நூறில் பாதி குழந்தைகள். மீதியில் பாதி மணமானவர்கள், முதியவர்கள். எஞ்சியிருப்பவர்களில் பாதி தன் பாலினத்தவர். மீதி நின்ற பத்துப் பன்னிரண்டு பேரில் பெரும்பாலோர் அண்ணன் தம்பி, அக்காள் தங்கை, சிற்றப்பன் பிள்ளைகள். வயது வந்த ஒருவருக்குப் பொருத்தமான துணை எப்போதும் கிடைத்துக்கொண்டிருக்க வேண்டுமானால் குறைந்தது 175 முதல் 475 பேர் வரையிலான கூட்டம் தொடர்பில் இருக்க வேண்டும் என்று 1974இல் மார்ட்டின் வோப்ஸ்ட் கணினி வழியே கணித்தார். அவர் கணித்தது வேட்டைச் சமூகங்களுக்காக. ஆனால் எண்ணிக்கையின் நெருக்கடி உழவர்களுக்கும் அதேதான். ஓர் ஊர் மட்டும் தனித்து நின்று தன் பிள்ளைகளுக்கு மணம் முடித்துவிட முடியாது. நாலைந்து ஊர்களேனும் ஒன்றையொன்று அறிந்திருக்க வேண்டும்.

நெருங்கிய உறவுக்குள்ளேயே மணம் முடித்துச் சமாளித்திருப்பார்களோ என்று கேட்கலாம். பெற்றோர் இருவரும் உறவினர் என்றால் பிள்ளையின் மரபணுத் தொகுதியில் இரண்டு பிரதிகளும் ஒன்றுபோலவே இருக்கும் நீண்ட பகுதிகள் காணப்படும். கடந்த 45,000 ஆண்டுகளைச் சேர்ந்த 1,785 பேரின் பழைய மரபணுக்களை இந்த நோக்கில் 2021இல் அலசினார்கள். உடன்பிறந்தார் இருவரின் பிள்ளைகளுக்கு இடையிலான மணம்போல நெருக்கமான உறவில் பிறந்தவர்கள் என்று கருதத்தக்கவர்கள் அவர்களில் 3 விழுக்காடுதான். அயர்லாந்தின் நியூகிரேஞ்ச் கல்லறையில், கி.மு. 3200ஐ ஒட்டி அடக்கம் செய்யப்பட்ட ஓர் ஆணின் பெற்றோர் உடன்பிறந்தவர்களாகவோ பெற்றவரும் பிள்ளையுமாகவோ இருந்தார்கள் என்று கண்டபோது அது உலகச் செய்தியானதற்குக் காரணமே, அது அவ்வளவு அபூர்வம் என்பதுதான். சிறிய ஊரில் வாழ்ந்தவர்கள் தம் ஊருக்குள் தேடவில்லை. வெளியே தேடினார்கள்.

பல்லில் பதிந்த வழி

வெளியே தேடினார்கள் என்றால் போனது யார் என்ற கேள்வி வருகிறது. இதற்குப் பதில் சொல்வது பல். நாம் உண்ணும் தானியத்திலும் குடிக்கும் நீரிலும் அந்தந்த நிலத்துப் பாறையின் ஸ்ட்ரான்ஷியம் என்ற தனிமம் சிறிதளவு கலந்திருக்கும். அதன் இருவகை அணுக்களின் விகிதம் நிலத்துக்கு நிலம் மாறும். குழந்தைப் பருவத்தில் பல்லின் எனாமல் உருவாகும்போது இந்த விகிதம் அதில் பதிந்துவிடுகிறது. எலும்பைப்போல் எனாமல் பின்னர் தன்னைப் புதுப்பித்துக்கொள்வதில்லை. முதல் கடைவாய்ப்பல்லின் எனாமல் பிறந்த முதல் சில ஆண்டுகளில் உருவாகிறது. ஞானப்பல்லின் எனாமலோ ஒன்பது பத்து வயதை ஒட்டித் தொடங்கிப் பதின்பருவத்தின் நடுவில் முடிகிறது. ஒரே தாடையில் உள்ள இந்த இரண்டு பற்களையும் அளந்தால், ஒருத்தி எந்த மண்ணில் தவழ்ந்தாள், எந்த மண்ணில் வயதுக்கு வந்தாள் என்பதைத் தனித்தனியே படித்துவிடலாம். இரண்டு பற்களும் ஒரே மண்ணைக் காட்டி, அவள் புதைக்கப்பட்ட மண் மட்டும் வேறாக இருந்தால், அவள் வளர்ந்த பிறகுதான் அங்கே வந்தாள் என்று பொருள்.

மத்திய ஐரோப்பாவின் முதல் உழவர்களில் 300க்கும் மேற்பட்டோரின் பற்களை அளந்த ஆய்வு 2012இல் வெளிவந்தது. ஆண்களின் அளவுகள் ஒன்றோடொன்று நெருங்கியிருந்தன. பெண்களின் அளவுகள் சிதறியிருந்தன. மரம் செதுக்கும் கல் வாய்ச்சியோடு புதைக்கப்பட்ட ஆண்கள், காற்று கொண்டுவந்து குவித்த செழிப்பான லோயஸ் மண்ணில் வளர்ந்தவர்களாகவே பெரும்பாலும் இருந்தார்கள். நல்ல நிலம் மகனுக்குப் போனது, மகள் வேறு நிலத்துக்குப் போனாள் என்று இதற்குப் பொருள் கொள்ளலாம். இந்த இடத்தில் நண்பருக்கு ஒரு மதிப்பெண் தந்தே ஆகவேண்டும்.

பாரிஸ் வடிநிலத்தில் குர்ஜி என்ற இடத்துக் கல்லறைத் தோட்டம் இன்னும் துல்லியமானது. கி.மு. 4850க்கும் 4500க்கும் இடைப்பட்ட அந்த இடுகாட்டில் கிடைத்த 94 பேரின் மரபணுக்களைப் படித்த ஆய்வாளர்கள், அவர்களில் 64 பேரை ஏழு தலைமுறை கொண்ட ஒரே வம்சாவளியில் பொருத்திக்காட்டினார்கள். 2023இல் அது வெளியானபோது நான் அந்த வம்சப் படத்தைத் திரையில் பெரிதாக்கி நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆண்களைக் குறிக்கும் சதுரங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாகத் தந்தை, மகன், பேரன் என்று இறங்கிக்கொண்டே போகின்றன. ஒவ்வொரு சதுரத்துக்கும் பக்கத்தில் எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொண்ட ஒரு வட்டம். அந்த வட்டத்துக்கு மேலே கோடு இல்லை, ஏனென்றால் அவளுடைய தாய் தந்தையர் அந்த இடுகாட்டில் இல்லை. அந்தக் குடும்பத்தில் பிறந்து வளர்ந்த மகள்களோ ஏறக்குறைய முழுவதுமாகக் காணவில்லை. வேறு ஏதோ ஓர் இடுகாட்டின் படத்தில் அவர்கள் மேல்கோடு இல்லாத வட்டங்களாக இருக்க வேண்டும். வந்த பெண்கள் ஒருவருக்கொருவர் நெருங்கிய உறவினரும் இல்லை. ஆகவே இரண்டே ஊர்கள் மாறிமாறிப் பெண் கொடுத்து எடுத்துக்கொண்ட ஏற்பாடாக அது தெரியவில்லை. பல ஊர்களில் விரிந்த தேடலாகத் தெரிகிறது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்தப் படத்தில் ஒரு தந்தைக்கு இரு தாயாரிடம் பிறந்த பிள்ளைகளும் இல்லை, ஒரு தாய்க்கு இரு தந்தையரிடம் பிறந்த பிள்ளைகளும் இல்லை. ஒருவனுக்கு ஒருத்தி, ஒருத்திக்கு ஒருவன் என்பது தலைமுறை தலைமுறையாக அங்கே நின்றிருக்கிறது.

ஜெர்மனியின் தெற்கே ஆக்ஸ்பர்க் நகரை ஒட்டிய லெக் ஆற்றுப் பள்ளத்தாக்கு, காலத்தால் பிந்தியது, கி.மு. 2500 தொடங்கி 1650 வரையிலான பண்ணைகள். 84 பேரை ஆராய்ந்து 2017இல் வெளியான முடிவின்படி, அங்கே புதைக்கப்பட்ட பெண்களில் பெரும்பாலோர் உள்ளூரில் பிறந்தவர்கள் அல்லர். இன்றைய செக் நாட்டின் பொஹீமியாவிலிருந்தோ மத்திய ஜெர்மனியிலிருந்தோ வந்திருக்கக்கூடியவர்கள். அது பல நூறு கிலோமீட்டர் தொலைவு. கூட்டமாகக் குடிபெயர்ந்து வந்தவர்களும் அல்லர். தனித்தனியாக, ஞானப்பல் முற்றிய வயதுக்குப் பிறகு வந்தவர்கள். இது ஏதோ ஒரு தலைமுறையின் நிகழ்ச்சியும் அல்ல, ஏறத்தாழ 800 ஆண்டுகள் நீடித்த வழக்கம். அந்தப் பெண்களில் சிலர் உள்ளூர்ச் செல்வக் குடும்பத்தாருக்கு நிகரான அணிகலன்களோடும் மதிப்போடும் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். ஆனால் 2019இல் மரபணுக்களைக் கொண்டு பண்ணை பண்ணையாக உறவுகளைத் தேடிப் பார்த்தபோது, தொலைவிலிருந்து வந்த இந்தப் பெண்களின் பிள்ளைகள் என்று ஒருவரையும் அங்கே காணமுடியவில்லை.

இந்தச் செய்தியைக் கைமாற்றக் கதைக்கு ஏற்றபடியும் படிக்கலாம், அதற்கு நேரெதிராகவும் படிக்கலாம். விலைகொடுத்து வாங்கிவந்த பொருளை யாரும் அத்தனை மரியாதையோடு புதைப்பதில்லை என்று ஒருவர் சொல்லலாம். அணிகலன் அவளுக்கு அல்ல, அவளை அனுப்பிய வலிமையான வீட்டோடு உள்ள உறவுக்குச் செய்த மரியாதை என்று இன்னொருவர் சொல்லலாம். எனக்கு உறுத்துவது வேறொன்று. நடந்து வந்தவள் தூது வந்தவளா, துணை தேடி வந்தவளா, அனுப்பப்பட்டவளா, ஓடிவந்தவளா என்பதில் ஒன்றுகூட எனாமலில் பதியாது. பல் வழியைச் சொல்கிறது, விருப்பத்தைச் சொல்வதில்லை. இடம் மாறியவள் பெண் என்று கண்டதுமே ‘பெண் பரிமாறப்பட்டாள்’ என்று எழுதிவிடும் பழக்கம் ஆய்வுக் கட்டுரைகளின் செய்திச் சுருக்கங்களில் நிறையக் காணப்படுகிறது. ஆண் இடம் மாறியதாகத் தெரிந்தால் ‘அவன் பயணம் செய்தான்’ என்று எழுதுவோம்.

வன்முறை இருந்ததையும் மறைக்க வேண்டியதில்லை. ஜெர்மனியின் தால்ஹைமில் 1983இல் வெளிப்பட்ட குழியில், கி.மு. 5000ஐ ஒட்டிக் கொல்லப்பட்ட 34 பேர் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தார்கள். தலையில் வாய்ச்சியும் கோடரியும் இறங்கிய தழும்புகள். அவர்களில் உள்ளூரில் வளர்ந்த வயது வந்த பெண்களைக் காணவில்லை என்பதைப் பற்கள் காட்டின. ஆஸ்திரியாவின் அஸ்பார்ன்-ஷ்லெட்சில் நடந்த படுகொலையிலும் இளம்பெண்களின் எண்ணிக்கை மிகவும் குறைவு. அவர்கள் பிடித்துச்செல்லப்பட்டார்கள் என்று கருதுவதுதான் இயல்பு. அப்படிப் போனவளுடைய பல்லும் லெக் பள்ளத்தாக்குப் பெண்ணின் பல்லைப் போலத்தான் இருக்கும்.

ஒரே வழக்கம் எங்கும் இல்லை

உழவு வந்தால் தந்தைவழி வரும் என்பது விதியானால் அதற்கு விலக்கு இருக்கக்கூடாது. துருக்கியின் சடல்ஹூயுக், கி.மு. 7100 முதல் 5950 வரை மக்கள் நெருக்கமாக வாழ்ந்த, உலகின் மிகப் பழைய உழவர் குடியிருப்புகளில் ஒன்று. இறந்தவர்களை வீட்டுத் தரைக்கு அடியிலேயே புதைத்தார்கள். அங்கே ஒரே வீட்டின் அடியில் கிடந்தவர்களை இணைத்தது தாய்வழி என்று 2025இல் மரபணுக்கள் காட்டின. பிறந்த வீட்டோடு தங்கியவர்கள் பெரும்பாலும் மகள்கள். பெண் குழந்தைகளின் குழிகளில் வைத்த பொருள்கள் ஆண் குழந்தைகளின் குழிகளில் உள்ளவற்றைப்போல் ஏறத்தாழ ஐந்து மடங்கு. அதே ஆண்டில் சீனாவின் ஷான்டோங்கில் ஃபூஜியா என்ற இடத்திலிருந்தும் முடிவு வந்தது: கி.மு. 2750க்கும் 2500க்கும் இடையில், தினை பயிரிட்டு வாழ்ந்த மக்கள் தம் இறந்தவர்களை இரண்டு இடுகாடுகளில் தாய்வழி பிரித்து அடக்கம் செய்திருக்கிறார்கள். ஆண்மகன் எத்தனை தலைமுறை கடந்தும் தன் தாயின் குலத்தாரோடுதான் புதைக்கப்பட்டான். இங்கிலாந்தின் ஹேசில்டன் நார்த் கல்லறையிலோ, கி.மு. 3700ஐ ஒட்டி, ஓர் ஆணுக்கு நான்கு பெண்களிடம் பிள்ளைகள். அந்தப் பெண்களின் வழியினரைக் கல்லறையின் வடக்கு அறை, தெற்கு அறை என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். ஒருத்தி வேறோர் ஆணிடம் பெற்ற பிள்ளைகளுக்கும் அங்கே இடம் கிடைத்திருக்கிறது. எல்லோரும் உழவர்கள்தாம். மணமுறை மட்டும் ஊருக்கு ஊர் வேறு.

எதைப் பார்த்துத் தேர்ந்தார்கள்

அழகு பார்க்கவில்லை என்று சொல்லமாட்டேன். கல்மணிகளும் கிளிஞ்சல் மாலைகளும் செம்மண் பூச்சும் எதற்கு? ஆனால் ஒரு வீட்டுக்கு வரும் புதிய ஆள் முதலில் இரண்டு கைகள். ஓர் அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்கு அப்பால் வைத்திருந்த பழைய அரைகல் ஒன்றைப் பார்த்திருக்கிறேன். குதிரைச் சேணம்போல நடுவில் குழிந்த, மண்டியிட்டு இரு கைகளாலும் குழவியைத் தள்ளித் தள்ளித் தானியம் அரைக்கும் கல். அந்தக் குழிவு உளியால் வந்ததில்லை, தள்ளித் தேய்ந்ததால் வந்தது. சிரியாவின் அபு ஹுரெய்ராவில் கிடைத்த பெண்களின் எலும்புகளில் அதே தேய்மானத்தை மறுபக்கத்திலிருந்து காணலாம்: மடங்கியே இருந்து உருமாறிய கால் பெருவிரல், முழங்கால், கீழ்முதுகு. மத்திய ஐரோப்பாவின் முதல் உழவர் பெண்களின் மேல்கை எலும்பு, இன்றைய தேர்ந்த படகு வலிக்கும் வீராங்கனைகளின் எலும்பைவிட 11 முதல் 16 விழுக்காடு வலுவானது என்று 2017இல் ஓர் ஆய்வு கூறியது. இப்படிப்பட்ட ஒருத்தியை இழக்கும் வீடு அவளை எளிதில் அனுப்பியிருக்காது. பெறும் வீடும் அவளைச் சும்மா வந்தவளாகக் கருதியிருக்க முடியாது. பெண் கேட்டு வருபவன் பணிந்து நிற்க வேண்டிய நியாயம் அந்தக் கையில் இருந்தது.

பார்த்துக்கொள்ள இடமும் வேண்டுமே. வேலை ஓயும் பருவத்தில் பல ஊர்க்காரர்கள் கூடிய இடங்கள் இருந்தன. இங்கிலாந்தில் ஸ்டோன்ஹெஞ்சுக்கு அருகே டரிங்டன் வால்ஸில், கி.மு. 2500ஐ ஒட்டிய பெருவிருந்துகளின் எச்சமாகக் குவிந்து கிடந்த பன்றி எலும்புகளை ஆராய்ந்தார்கள். பிரிட்டனின் பல மூலைகளிலிருந்து ஓட்டிவரப்பட்ட பன்றிகள் அவை, பெரும்பாலும் ஒன்பது மாத வயதில், அதாவது நடுக்குளிர்காலத்தில் அறுக்கப்பட்டவை. பன்றி தானாக அவ்வளவு தொலைவு வராது. ஓட்டிவந்தவர்கள் இருந்தார்கள், அவர்களில் இளையவர்களும் இருந்திருப்பார்கள். வேறு எதற்காகக் கூடினாலும் அங்கே கண்கள் சும்மா இருந்திருக்கும் என்று என்னால் நம்ப முடியவில்லை.

ஆளிப் பாட்டு

இவ்வளவையும் படித்த பிறகும் பல்லுக்கும் எலும்புக்கும் வெளியே ஒரு குரல் கேட்காதா என்ற ஏக்கம் இருந்தது. கேட்டது, நான் தேடாத இடத்தில். சுமேரிய மொழிப் பாடல்களின் மொழிபெயர்ப்புகளை வேறு ஏதோ காரணத்துக்காகப் புரட்டிக்கொண்டிருந்தபோது, இனன்னா தெய்வத்துக்கும் அவள் அண்ணன் ஊட்டுவுக்கும் இடையிலான உரையாடல் ஒன்று கண்ணில் பட்டது. களிமண் பலகைகளில் இது கி.மு. இரண்டாம் ஆயிரத்தாண்டின் தொடக்கத்தில் படியெடுக்கப்பட்டது. முதல் உழவர்களுக்குப் பல ஆயிரம் ஆண்டுகள் பிந்தியது. பாடியவர்கள் கோயில்களையும் நகரங்களையும் சேர்ந்தவர்கள். ஆனாலும் பாட்டுக்குள் இருப்பது வயலும் வாய்க்காலும்தான்.

வயலில் ஆளிச் செடி அழகாக விளைந்திருக்கிறது, உனக்குக் கொண்டுவரட்டுமா என்று அண்ணன் கேட்கிறான். ஆளியின் தண்டிலிருந்துதான் லினன் துணிக்கான நார் கிடைக்கும். நேராக ‘உனக்கு மாப்பிள்ளை பார்த்திருக்கிறேன்’ என்று அவன் சொல்வதில்லை, செடியைச் சொல்கிறான். தங்கைக்குப் புரியாமல் இல்லை. நீ கொண்டுவந்தால் அதை யார் எனக்காகக் கோதித் தருவார் என்கிறாள். கோதியே கொண்டுவருகிறேன் என்கிறான். கோதிக் கொண்டுவந்தால் யார் நூற்பார்? நூற்றே கொண்டுவருகிறேன். பிறகு யார் முறுக்குவார், யார் பாவு ஓட்டுவார், யார் நெய்வார், யார் வெளுப்பார் என்று கேள்வி ஒவ்வொரு படியாக ஏறுகிறது. ஒவ்வொன்றுக்கும் அண்ணன் அதை முடித்தே தருகிறேன் என்று பணிகிறான். வெளுத்த துணி கைக்கு வந்தது என்று ஆன பிறகு கடைசிக் கேள்வி வருகிறது: அதன்மேல் என்னோடு படுப்பவன் யார்? அது மணமகளின் விரிப்பு என்பது இருவருக்கும் தொடக்கத்திலிருந்தே தெரியும். அண்ணன் மாப்பிள்ளையின் பெயரைச் சொல்கிறான். அவள் மகிழ்ச்சியோடு, அவன் என் நெஞ்சுக்கு உரியவன் என்கிறாள்.

இதைப் படித்தபோதுதான் நண்பரின் வாக்கியம் எனக்குள் தளர்ந்தது. பேசி முடிப்பதும் விரும்பி ஏற்பதும் இரண்டு எதிரிகள் என்று அவரும் எண்ணியிருந்தார், மறுக்க முனைந்த நானும் எண்ணியிருந்தேன். இந்தப் பாட்டில் அவை ஒரே உரையாடலின் இரு குரல்கள். அண்ணன் வழியாகத்தான் மாப்பிள்ளை வருகிறான். ஆனால் கேள்விகளை அடுக்குகிறவள் அவள். பெயரைக் கேட்குமுன் அத்தனை வேலைகளையும் யார் தலையில் வைப்பது என்று அவள் கணக்குக் கேட்கிறாள். கோதுவது முதல் வெளுப்பது வரை ஒன்றையும் தன் கையில் வாங்கவில்லை. உழவர் வீட்டில் பிறந்த எந்தப் பெண்ணுக்கும் அந்த அடுக்கு அத்துப்படி. மாதக்கணக்கான உடலுழைப்பு அது. அதை எண்ணியெண்ணிச் சொல்வதே விளையாட்டு, தாமதப்படுத்துவதே இன்பம். உழவு காதலைப் புதைக்கவில்லை. அது பேச வேண்டிய பொருளைத் தந்தது என்று எனக்குத் தோன்றுகிறது. இது ஆண்கள் எழுதிவைத்த பாட்டாகவே இருக்கட்டும், தெய்வத்தின் வாயில் வைத்த சொல்லாகவே இருக்கட்டும். கேட்பவர்களுக்கு அந்த உரையாடல் நம்பத்தக்கதாக இல்லையென்றால் பாட்டு எடுபட்டிருக்காது.

ஆனால் அதே இனன்னாவைப் பற்றிய இன்னொரு பாட்டும் உண்டு, அதை விட்டுவிட்டால் நான் எனக்குச் சாதகமானதை மட்டும் எடுத்துக்கொண்டவனாவேன். அதில் அவளைக் கேட்டு இருவர் நிற்கிறார்கள்: உழவன் எங்கிம்டு, மேய்ப்பன் துமூசி. அண்ணன் ஊட்டு மேய்ப்பனுக்காகப் பேசுகிறான். அவனிடம் வெண்ணெய் உண்டு, பால் உண்டு, அவனையே மணந்துகொள் என்கிறான். அவள் மறுக்கிறாள். மேய்ப்பன் வேண்டாம், அவன் உடுப்பு சொரசொரப்பானது. ஆளியும் தானியமும் விளைக்கும் உழவனைத்தான் மணப்பேன் என்கிறாள். மேய்ப்பன் வரிந்துகட்டிக்கொண்டு வருகிறான்: உழவனிடம் என்னைவிட என்ன இருக்கிறது? அவன் கறுப்பு ஆடை தந்தால் நான் கறுப்பு ஆடு தருவேன், வெள்ளை ஆடை தந்தால் வெள்ளை ஆடு, அவன் பார்லி மதுவுக்கு என் பால், அவன் ரொட்டிக்கு என் பாலாடைக்கட்டி. இது நெடுநேரம் நீள்கிறது, கேட்கச் சுவையாகவும் இருக்கிறது. பிறகு அவன் ஆற்றங்கரையில் மந்தையை மேய்த்துக்கொண்டிருக்கும்போது உழவனைக் கண்டு வம்புக்கு இழுக்கிறான். உழவன் சண்டைக்கு வரவில்லை. உன் ஆடுகள் என் நிலத்தில் மேயட்டும், என் வாய்க்காலில் நீர் குடிக்கட்டும் என்று விட்டுக்கொடுக்கிறான். மேய்ப்பன் அவனைத் தன் திருமணத்துக்கு நண்பனாக அழைக்கிறான். உழவன் கோதுமையும் பயறும் சீராகக் கொண்டுவருவதாகச் சொல்கிறான்.

உழவனைத்தான் மணப்பேன் என்று அத்தனை தெளிவாகச் சொன்னவள் மேய்ப்பனை எப்படி ஏற்றாள் என்பதைப் பாட்டு விரித்துரைப்பதில்லை. அண்ணன் வற்புறுத்தினானா, மேய்ப்பனின் வாய்ச்சாலகத்தில் அவளே மயங்கினாளா, இரண்டும் கொஞ்சம் கொஞ்சமா? மேய்ச்சலுக்கும் பயிருக்கும் இடையிலான பழைய தகராறு அவளுடைய மணத்தில் தீர்ந்தது என்பது மட்டும் தெளிவு. தகராறு தீர்ந்ததற்கு அவள் விருப்பம் விலையானதா என்று நண்பர் கேட்பார். போன வாரம் இந்த இரண்டு பாடல்களையும் அவருக்கு அனுப்பிவைத்தேன். ஆளிப் பாட்டைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாவதைப் பற்றி மட்டும், தன் கட்சிக்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது என்று எழுதியிருக்கிறார். முழுவதும் அவருக்கு விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை. மறுப்பதற்கு அவளுக்கு வாய் இருந்தது, அந்த மறுப்பை ஈடுகட்ட மேய்ப்பன் அத்தனை வரிகள் பாட வேண்டியிருந்தது என்று பதில் எழுதிக்கொண்டிருக்கிறேன்.